திசுப் புட்டியின் மேல் இரண்டு நேரங்களை எழுதுங்கள்: அறுவை அரங்கினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளிலும் எண்டோஸ்கோப்பி அறைகளிலும் சிடி ஸ்கேன் அறைகளிலும் நோயாளிகளின் உடலிலிருந்து திசு எடுக்கும் மருத்துவர்களுக்கும், அந்தத் திசுவைப் புட்டியில் இடும் செவிலியர்களுக்கும் தியேட்டர் உதவியாளர்களுக்கும், புட்டியையும் அதில் ஊற்றும் திரவத்தையும் வாங்கித் தரும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நோய்க்குறியியல் பிரிவோடு இணைந்த ஓர் ஆய்வகத்தில், புற்றுநோய்த் திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து மரபணுச் சோதனை செய்யும் வேலையை 14 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் அனுப்பும் புட்டிகளையும், திசுவை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகளையும் மட்டும் நாள்தோறும் பார்க்கிறேன். சென்ற மாதம் வந்த புட்டி ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இருமல் மருந்துப் புட்டியைப் போலக் கழுத்து குறுகிய கண்ணாடிப் புட்டி அது. உள்ளே மார்பகக் கட்டி ஒன்று. எடுத்த வேளையில் இளகியிருந்ததால் அந்தக் கழுத்தின் வழியே உள்ளே போயிருக்கிறது. திசு கெடாமல் காக்கும் பார்மால்டிஹைடு கரைசலான பார்மலினில் இறுகிய பிறகு வெளியே வரவில்லை. துணியில் சுற்றிப் புட்டியை உடைத்துத்தான் எடுத்தோம். திரவம் கட்டியின் பாதி உயரத்துக்குக்கூட இல்லை. குறுக்கே அரிந்து பார்த்தபோது, விளிம்பில் மட்டும் மெல்லிய சாம்பல் நிற வளையமாகத் திசு இறுகியிருந்தது. நடுப்பகுதி சிவந்து கூழாகி, வாடை வீசியது. ஒட்டியிருந்த சீட்டில் பெயர், வயது, ‘இடது மார்பகக் கட்டி’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்குப் பார்மலினில் இட்டார்கள் என்பதை அறிய வழியே இல்லை.

அந்தப் புட்டியை அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீண்ட காலமாகத் திசுவை நோய்க்குறியியலாளர் நுண்ணோக்கியில் பார்த்து ‘இது புற்று, இது புற்றல்ல’ என்று சொன்னாலே போதும் என்றிருந்தது. அதற்கு விளிம்பில் ஒரு சிறு பகுதி நன்றாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். பார்மலின் நம் கைக்கு வந்ததே உருவத்தைக் காப்பதற்காகத்தான். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஃபெர்டினாண்ட் புளும் என்ற மருத்துவர் பார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல்களின் தோல் இறுகிப்போவதைக் கவனித்தார். அதிலிருந்து திசுவைப் பதப்படுத்தும் வழியைக் கண்டறிந்து 1893இல் வெளியிட்டார். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் உலகுக்குத் தெரிய வந்தது அதற்கு 60 ஆண்டுகளுக்குப் பிறகு, 1953இல். உருவத்துக்கென்று தேர்ந்தெடுத்த ஒரு திரவத்திடம் இன்று நாம் எழுத்து எழுத்தாக மரபணுவை வாசிக்கக் கேட்கிறோம். நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருக்கிறதா, மார்பகப் புற்றில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா, பெருங்குடல் புற்றில் ராஸ் மரபணு மாறியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் இப்போது மருந்து முடிவாகிறது. நோயாளிக்குக் கிடைக்கப்போவது மாத்திரையா, கீமோவா என்ற முடிவின் ஒரு பகுதி, திசு புட்டிக்குள் விழும் அந்தச் சில நிமிடங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

பார்மலினுக்குள் டிஎன்ஏவுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அது தெரிந்தால் நான் கேட்பவை ஏன் என்பது தானாக விளங்கும். பார்மால்டிஹைடு மூலக்கூறு புரதத்தை டிஎன்ஏவோடும், புரதத்தைப் புரதத்தோடும் பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. செல்லின் உருவம் அப்படியே நிற்பது இந்தக் கட்டுகளால்தான். இந்தக் கட்டுகளை நாங்கள் ஆய்வகத்தில் சூடாக்கியும் நொதி சேர்த்தும் ஓரளவு அவிழ்க்கிறோம். ஆனால் திசு பார்மலினில் நாள்கணக்கில் கிடந்தால் அவிழ்க்க முடியாத கட்டுகள் கூடிக்கொண்டே போகும்; இழையும் ஆங்காங்கே அறுந்துபோகும். டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகுகளை எழுத்து என்கிறோம்; புதிய திசுவிலிருந்து எடுத்தால் பல்லாயிரம் எழுத்து நீளத்தில் கிடைக்கும் டிஎன்ஏ, பாரஃபின் பிளாக்கிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் 100 முதல் 300 எழுத்து நீளத் துண்டுகளாகத்தான் கிடைக்கிறது. நன்றாகப் பதப்படுத்திய பிளாக் என்றால் அந்த நீளமே எங்களுக்குப் போதும். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைகளை அதற்கேற்பச் சிறியதாகவே அமைத்திருக்கிறார்கள். அதற்கும் குறைந்து நொறுங்கிப்போனால் நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. இதில் ஏமாற்றும் ஒரு கட்டம் உண்டு: ஒளி உறிஞ்சலை வைத்து அளந்தால், நொறுங்கிய டிஎன்ஏவும் ‘அளவு போதும், 1.8 விகிதம், சுத்தமாக இருக்கிறது’ என்றே காட்டும். அந்த விகிதம் தூய்மையைச் சொல்லுமே தவிர, இழை முழுதாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அறுபடுவதைவிட எனக்கு அதிகம் அச்சம் தருவது எழுத்தே மாறிப்போவது. பார்மலினில் கிடக்கும் டிஎன்ஏவில் சைட்டோசின் என்ற எழுத்து தன் அமைன் குழுவை இழந்து யூராசிலாக மாறுகிறது. எங்கள் இயந்திரம் அதைத் தைமின் என்று வாசிக்கிறது. நுரையீரல் புற்றுக்கு ஜெஃபிடினிப் போன்ற மாத்திரை சாப்பிட்டுவரும் ஒருவருக்கு அது கேட்காமல் போகும்போது நாங்கள் தேடுவது டி790எம் என்ற மாற்றத்தை. அது உண்மையில் என்னவென்றால், இஜிஎஃப்ஆர் மரபணுவில் ஓரிடத்தில் சைட்டோசின் தைமினாக மாறியிருப்பதுதான். பார்மலின் எந்தப் பொய்யை எழுதுகிறதோ அதே பொய், நாங்கள் தேடும் உண்மையின் வடிவத்திலேயே வந்து நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பிளாக்கில் மிகக் குறைந்த அளவில் இந்த மாற்றம் தெரிந்தது. டிஎன்ஏவின் அளவும் குறைவு என்பதால் சந்தேகம் வந்து, யூராசிலை நீக்கும் நொதியைச் சேர்த்து மறுபடியும் செய்தோம். இரண்டாம் முறை அது இல்லை. அன்று அந்தச் சந்தேகம் வராமல் ரிப்போர்ட் கையெழுத்தாகியிருந்தால், அந்த நோயாளியின் மருந்தே மாறியிருக்கும். எல்லா முறையும் இந்த நொதி காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. மெத்தில் குழு ஏறிய சைட்டோசின் சிதைந்தால் அது நேராகத் தைமினாகவே ஆகிவிடும். அதை இந்த நொதியால் பொய்யென்று பிரித்தறிய இயலாது.

இனி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். கேனில் வாங்கிய பார்மலினில் குழாய்த் தண்ணீரைக் கலந்து, கண் மதிப்பில் ஊற்றிவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காற்றும் வெளிச்சமும் படப்பட பார்மால்டிஹைடு, எறும்புக் கடியில் எரிச்சல் தரும் அதே பார்மிக் அமிலமாக மாறுகிறது. அமிலம் ஏறிய பார்மலினில் டிஎன்ஏவின் அடினின், குவானின் என்ற எழுத்துகள் சர்க்கரைத் தண்டிலிருந்து கழன்று விழும்; கழன்ற இடத்தில் இழை எளிதில் அறும். இரத்தம் மிகுந்த திசுவில் கரும்பழுப்பு நிறமிப் பொடி படிவதை நோய்க்குறியியலாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். அது அமிலம் ஏறிய பார்மலினின் கையெழுத்து. இதற்கு மாற்று, அமிலமும் காரமும் அல்லாத பிஎச் 7 அளவில் நிற்கும் சமநிலைப் பார்மலின். ஆயத்தமாகப் புட்டியில் ஊற்றிவைத்ததையே வாங்கலாம். வாங்க வசதியில்லையென்றால் மருத்துவமனை ஆய்வகத்திலேயே கலந்துகொள்ளலாம்: கடையில் கிடைக்கும் 40 சதவீத பார்மலின் 100 மில்லி, வாலைவடிநீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இவ்வளவுதான். கலந்த தேதியைக் கேனில் எழுதிவையுங்கள். இதற்கு ஆகும் செலவை, கெட்டுப்போன ஒரே ஒரு பயாப்ஸிக்காக நோயாளி மறுபடியும் சிடி ஸ்கேன் மேசையில் படுக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புட்டி வாய் அகன்றதாக, மூடி இறுக்கமானதாக இருக்கட்டும். இதை நான் திசுவுக்காக மட்டும் கேட்கவில்லை. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. கழுத்து குறுகிய புட்டிக்குள் விரலால் திசுவைத் தள்ளி, கண்ணெரிச்சலோடு மூடியைத் திருகும் செவிலியரின் உடல்நலமும் இதில் அடக்கம்.

நேரம் என்பதற்கு வருகிறேன். இந்த மடலின் உயிரே அதுதான். இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து திசு தன்னைத்தானே தின்னத் தொடங்குகிறது. செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் டிஎன்ஏவை வெட்டுகின்றன; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அது இன்னும் வேகமாக நடக்கும். மார்பகப் புற்றின் ஹெர்2 சோதனைக்காக அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியும் சேர்ந்து வகுத்த நெறிமுறை, எடுத்த திசு 1 மணி நேரத்துக்குள் பார்மலினில் விழ வேண்டும் என்கிறது. பார்மலினில் இருக்க வேண்டிய காலத்தை 2007இல் 6 முதல் 48 மணி நேரம் என்று வைத்தார்கள். 2013இல் மேல்வரம்பை 72 மணி நேரமாக நீட்டினார்கள். இந்த எல்லைகள் ஹெர்2வுக்கென்று வகுத்தவை என்றாலும், டிஎன்ஏ சோதனைக்கும் இதைவிட நல்ல வழிகாட்டி நடைமுறையில் நம்மிடம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு எடுத்த திசு, சனி ஞாயிறு புட்டியிலேயே கிடந்து, திங்கள் காலை வண்டியேறி, செவ்வாய் மதியம் எங்களிடம் வந்து சேர்ந்தால் 90 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. வழியில் எவரும் தவறு செய்யவில்லை. நாட்காட்டிதான் தவறு செய்தது. அதிகமாவது ஒரு கேடு என்றால் குறைவாவது வேறொரு கேடு. பார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் ஊறும். ஆழம் போகப்போக அந்த வேகமும் தளரும். முழு மார்பகத்தை அப்படியே வாளியில் போட்டால் கொழுப்பைத் தாண்டிக் கட்டியின் நடுவுக்குப் பார்மலின் போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி அழுகிவிடும். நான் மேலே சொன்ன கட்டிக்கு நேர்ந்தது அதுதான். நோய்க்குறியியலாளர் அருகில் இருந்தால் உடனே அழையுங்கள். இல்லையென்றால், எந்த ஓரத்துக்கு அடையாள மை பூச வேண்டும், எங்கே அரிய வேண்டும் என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, கட்டியின் வழியே ஓரிரு வெட்டுகள் போட்டு, திசுவைப் போலக் குறைந்தது 10 மடங்கு பார்மலினில் இடுங்கள். உடனே முடியாதென்றால் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். மெதுவாக உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும்.

ஊசி பயாப்ஸியை உப்புநீரில் நனைத்த பஞ்சில் சுற்றியோ, சலைன் ஊற்றிய புட்டியிலோ அனுப்புவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து வெட்டிப் பார்க்கும் உறைவெட்டுப் பரிசோதனைக்கென்று சில நிமிடங்களில் கைமாறும் திசுவுக்கு அது சரி. மறுநாள் வந்து சேரப்போகும் திசுவுக்குச் சலைன் எந்தப் பாதுகாப்பும் தராது. பிக்ரிக் அமிலம் கலந்த போயின் கரைசலும் வேண்டாம்; உருவம் அழகாகத் தெரியும், டிஎன்ஏ பாழாகும்.

எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே இழப்பு முழுமையானது. நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ எலும்புக்குப் பரவிய புற்றை பயாப்ஸி எடுத்தால், வெட்டும் முன் சுண்ணாம்புச் சத்தை நீக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ இரவு முழுக்கப் போட்டால் மறுநாள் காலையில் மெழுகைப் போல வெட்ட வரும். சாயமிட்டுப் பார்க்கவும் முடியும். அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கப் போனால் எங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இடிடிஏ கரைசல் அதே வேலையை அமிலமில்லாமல் செய்யும். நாள்கள் கூடுதலாகும், டிஎன்ஏ மிஞ்சும். அதற்கும் பொறுக்க முடியாத அவசரமென்றால், ஊசியில் வந்த துண்டுகளில் எலும்பில்லாத மென்மையான பகுதியை மட்டும் பிரித்து வேறொரு புட்டியில் இட்டு, ‘சுண்ணாம்பு நீக்க வேண்டாம், மரபணுச் சோதனைக்கு’ என்று எழுதி அனுப்புங்கள். இந்த ஒரு வரியால் மீண்ட சோதனைகளை என் கையாலேயே செய்திருக்கிறேன்.

திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் சேமித்தால் டிஎன்ஏ மிக நன்றாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. நான் கேட்கவும் இல்லை. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை நினைவூட்டுகிறேன். ஊசியால் உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி 95 சதவீத ஆல்கஹாலில் முக்கும் செல் பூச்சுகளில் பார்மலினின் கட்டுகள் இல்லை; டிஎன்ஏ பிளாக்கைவிடப் பெரும்பாலும் நன்றாகவே கிடைக்கும். ‘திசு போதவில்லை’ என்று நாங்கள் சொல்லும் வேளையில், உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தத் தகடுகளையும் அனுப்பிவையுங்கள்.

இவ்வளவையும் எழுதவைத்தது ஒரு தாயின் பயாப்ஸி. 60 வயதைத் தாண்டியவர், புகைபிடிக்காதவர், நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்கும் நோயாளி. அவருடைய திசு ஒரு சிறிய மருத்துவமனையில், சமநிலைப்படுத்தாத பார்மலினில், பணம் கட்டுவதும் அனுப்புவதும் தள்ளிப்போனதால் 9 நாள்கள் இருந்திருக்கிறது. பிறகு மகன் அதைப் பையில் வைத்து, இரவுப் பேருந்தில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று முறை முயன்றோம். எந்தத் துண்டும் பிசிஆரில் பெருகவில்லை. மறு பயாப்ஸி எடுக்கலாமென்றால் அம்மாவால் மூச்சுத்திணறலோடு மல்லாந்து படுக்க முடியவில்லை. இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் தேடினோம். அதில் மாற்றம் தெரியவில்லை, தெரியாததால் இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. என்ன மாற்றமென்று அறியாமலே கீமோ தொடங்கினார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்ட மகன் என்னிடம், “நாங்க பத்திரமாத்தானே சார் கொண்டுவந்து குடுத்தோம்?” என்று கேட்டார். பத்திரமாகத்தான் கொண்டுவந்தார்.

இதில் எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ‘டிஎன்ஏ தரம் போதவில்லை’ என்று ஒரு வரி அச்சிட்டு அனுப்பிவிடுகிறோம். எதனால் போதவில்லை, திசு அதிக நாள் ஊறியதா, ஊறவே இல்லையா, அமிலத்தில் போனதா என்பதை அனுப்பியவரிடம் தொலைபேசியில்கூடச் சொல்வதில்லை. நீங்கள் அறியாத தவறை நீங்கள் திருத்திக்கொள்வது எப்படி? எங்கள் ஆய்வகத்தில் இனிமேல் ஒவ்வொரு தோல்விக்கும் எங்களால் கணிக்க முடிந்த காரணத்தை எழுதியே அனுப்புவதென்று முடிவெடுத்திருக்கிறோம். மற்ற ஆய்வகங்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் முதலில் கேட்பது மிகச் சிறியது. வேண்டுகைப் படிவத்திலும் புட்டிச் சீட்டிலும் இரண்டு வரிகளைச் சேருங்கள்: ‘திசு எடுத்த நேரம்’, ‘பார்மலினில் இட்ட நேரம்’. தேதியோடு எழுதுங்கள். திசுவை எடுத்த மருத்துவர் கைகழுவப் போகும்போது நேரத்தைச் சத்தமாகச் சொல்ல, செவிலியர் எழுதிக்கொள்ளட்டும். பஞ்சுகளை எண்ணிச் சொல்வது எப்படி வழக்கமாகிவிட்டதோ அப்படி இதுவும் ஆகட்டும். அந்த இரண்டு நேரங்கள் இருந்தால், வந்த புட்டியை எந்த வரிசையில் எடுப்பது, எதை அன்றே பாரஃபினுக்கு அனுப்புவது, எந்த முடிவை இரண்டாம் முறை சரிபார்ப்பது என்பதையெல்லாம் எங்களால் தீர்மானிக்க முடியும். வெள்ளிக்கிழமை அறுவைப் பட்டியலில் புற்றுநோய்த் திசு இருந்தால் அன்று மதியமே எந்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்களோ அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை வந்து புட்டியைத் திறக்க எங்களில் ஒருவர் இருப்போம்.

இப்படிக்கு,
மூலக்கூறு நோயறி ஆய்வகப் பணியாளர் ஒருவர்